போர் தண்ணீரில் கழுவும் வண்டிக்கு எந்த வாக்ஸ்?

பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் ஞாயிறு காலை ஏழு மணிக்கு நான்கைந்து வீட்டு வாசலில் கார் கழுவும் சத்தம் கேட்கும். என் கறுப்பு வண்டியை ஆறு வருடமாக நானேதான் கழுவி, பாலிஷ் போட்டு, மெழுகு பூசி வருகிறேன் என்பதால் தெருக்காரர்கள் வந்து கேட்பார்கள்: "அண்ணாச்சி, எந்த வாக்ஸ் வாங்கலாம்?" நான் திருப்பிக் கேட்பது, எந்தத் தண்ணீரில் கழுவுகிறீர்கள், எந்தத் துணியால் துடைக்கிறீர்கள் என்று. அந்த இரண்டும் சரியில்லை என்றால் எந்த வாக்ஸும் வண்டியைக் காப்பாற்றாது.

முதலில் தண்ணீர். தாழையூத்தில் 1949-இல் சிமெண்ட் ஆலை வந்ததே நம் மண்ணில் சுண்ணாம்புக்கல் கிடைப்பதால்தான். அதனால் மாவட்டத்தில் பல இடங்களில் போர் தண்ணீர் கடினத் தண்ணீராக இருக்கும். குளித்தால் சோப்பு நுரைக்காது. குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்றும், வேறு வழியே இல்லாவிட்டால் 2000 வரை போகலாம் என்றும் இந்தியத் தர அளவு சொல்கிறது. எங்கள் வீட்டு போர் தண்ணீரை, கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் பார்த்தேன்: 1400. அந்தத் தண்ணீர் சூடான பானட்டில் விழுந்து காய்ந்தால், நீர் ஆவியாகிவிடும், உப்பு அங்கேயே தங்கிவிடும். வட்ட வட்டமாக வெள்ளைக் கறை. அன்றைக்கே துடைத்தால் போகும். இரண்டு வாரம் வெயிலில் விட்டால் பெயிண்டைக் கடித்துக்கொள்ளும். அப்புறம் வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து துடைத்து உடனே அலச வேண்டியிருக்கும். அதற்கும் போகாதது பாலிஷுக்குத்தான் போகும்.

தாமிரபரணித் தண்ணீரில் இந்தத் தொல்லை இல்லை. கறையே விழாது என்று சொல்லுமளவுக்கு மென்மையான தண்ணீர். ஆனால் குழாயில் வரும் குடிதண்ணீரை முழுசாக வண்டிக்குக் கொட்ட எனக்கு மனசு வராது. வண்டியை ஆற்றுக்குள்ளேயே இறக்கிக் கழுவுகிறவர்களிடம் நான் நேரிலேயே சொல்லிவிடுவேன்: எண்ணெயும் ஷாம்பூவும் கலந்து ஓடுகிற அந்தத் தண்ணீரைத்தான் கீழே தூத்துக்குடி வரைக்கும் குடிக்கிறார்கள்.

நான் கண்ட நடுவழி இது. கழுவுவதெல்லாம் போர் தண்ணீரில், நிழலில். கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு வாளி ஏசி தண்ணீர். ஏசி குழாயில் சொட்டுவது காற்றின் ஈரம் குளிர்ந்து வந்தது, அதில் உப்பு கிட்டத்தட்ட இல்லை. எங்கள் படுக்கையறை ஏசியில் ஒரு ராத்திரிக்கு அரை வாளி சேரும். ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரைச் சிலர் சேர்த்துவைத்து வண்டிக்கு ஊற்றுகிறார்கள். வேண்டாம். வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது; போர் தண்ணீரைவிட மோசம்.

அடுத்து துணி. ஆனி, ஆடிக் காற்றில் திசையன்விளைப் பக்கம் ஒருமுறை போய்வந்தால் வண்டி மேல் தேரி மணல் செக்கச்செவேலென்று படிந்திருக்கும். அதில் குவார்ட்ஸும் கார்னெட்டும் இருக்கிறது, இரண்டுமே பெயிண்டைவிடப் பல மடங்கு கடினம். உலர்ந்த துணியை அதன் மேல் இழுத்தால் உப்புத்தாளால் தேய்த்த மாதிரிதான். பழைய பனியன் துணி அந்த மணலைப் பிடித்துக்கொண்டு பரப்பில் இழுக்கும். அதன் தையல் ஓரம் வேறு தனியாகக் கீறும். மைக்ரோஃபைபர் துணி மணலை இழைக்குள் வாங்கிக்கொள்ளும், அடிக்கடி அலசினால் போதும். விலை அதிகம்தான், ஆனால் செலவு செய்ய ஒரே ஒரு பொருள்தான் என்றால் வாக்ஸை விட்டுவிட்டு இதை வாங்குங்கள்.

துணிக்கு முன்னால், தொடாமலே தண்ணீர் அடித்து மணலை இறக்க வேண்டும். பிறகு இரண்டு வாளி: ஒன்றில் ஷாம்பூ, ஒன்றில் அலச வெறும் தண்ணீர். ஒரே வாளி என்றால் கழுவிய மணல் மறுபடி வண்டிக்கே வருகிறது. வேலை முடிந்து இரண்டாவது வாளியின் அடியைப் பாருங்கள், புரியும். சக்கரத்துக்கு வேறு துணி. ஒருமுறை அவசரத்துக்கு ஒரு வாட்டர் சர்வீஸில் விட்டேன்; டயரைத் துடைத்த துணியாலேயே கதவையும் துடைத்துவிட்டார்கள். அன்று மாலை வெயிலில் பார்த்தால் சிலந்தி வலை மாதிரி கோடுகள். இன்னமும் மனசு ஆறவில்லை.

பாத்திரம் கழுவும் சோப்பா, கார் ஷாம்பூவா? ஷாம்பூ. பாத்திர சோப்பு மெழுகையும் சேர்த்துக் கழுவிவிடும். பழைய மெழுகை எடுக்க வேண்டிய நாளில் மட்டும் அது உதவும்.

என் மாமா லாரி ஓட்டியவர். "மருமவனே, டீசல் தொட்டு ஒரு துடை துடைச்சா புதுவண்டி மாதிரி மின்னும் பாத்துக்க" என்பார். மின்னத்தான் செய்யும். ஆனால் அந்த எண்ணெய்ப் பசையில் அடுத்த நாளே புழுதி அப்பிக்கொள்ளும், கண்ணாடி ஓர ரப்பரும் கெட்டுப்போகும்.

இனி பாலிஷ். நம் ஊரில் எல்லாவற்றையும் பாலிஷ் என்றுதான் சொல்கிறோம்; கடையில் கேட்டு வாங்கும்போது இது குழப்பும். பாலிஷ் தேய்த்து எடுப்பது, வாக்ஸ் மேலே பூசுவது. பெயிண்டுக்கு மேலே இருக்கும் கிளியர்கோட் என்ற நிறமற்ற பூச்சு சுமார் 40, 50 மைக்ரான்தான், ஒரு வெள்ளைத் தாளின் பாதி கனம். ஒவ்வொரு பாலிஷும் அதில் கொஞ்சத்தை எடுத்துவிடுகிறது. ஆகவே வருடத்துக்கு ஒருமுறைக்கு மேல் வேண்டாம். கையால் போட்டால் மேலோட்டமான கோடுகள் மங்கும், தோள் வலிக்கும், ஆபத்து இல்லை. மெஷின் என்றால் ஒரே அச்சில் வேகமாகச் சுற்றும் ரோட்டரியைப் பழகாதவர்கள் தொடக் கூடாது. ஓரங்களில் சூடேறிப் பெயிண்டே போய்விடும். சுற்றிக்கொண்டே ஆடவும் செய்யும் டூயல் ஆக்ஷன் மெஷின் வீட்டுக்கு ஏற்றது. கோடுகள் அதிகம் என்றால் அதை வாடகைக்கு எடுங்கள். ஒன்றிரண்டு என்றால் கையே போதும்.

கடைசியாகத்தான் வாக்ஸ். கார்னோபா என்பது பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனைச்சாதி மரத்தின் ஓலை மேல் படியும் மெழுகு. வறண்ட நாட்டில் ஓலையின் ஈரம் போகாமல் இருக்க அந்த மரம் தானே பூசிக்கொள்வது. பனங்காட்டுக்காரனான எனக்கு அதன் மேல் ஒரு பாசம் உண்டு. கறுப்பு வண்டியில் அது தரும் ஆழமான பளபளப்பை வேறு எதிலும் நான் பார்த்ததில்லை. அது உருகுவது 82 டிகிரிக்கு மேல். ஆனால் டப்பாவில் கூடவே கலந்திருக்கும் மற்ற மெழுகுகளும் எண்ணெய்களும் அவ்வளவு தாங்காது. சித்திரை வெயிலில் கறுப்புக் கூரை 70 டிகிரியைத் தொடும். திறந்த வெளியில் நிற்கும் என் வண்டியில் ஆறு வாரத்தில் தண்ணீர் முத்து முத்தாக நிற்பது நின்றுவிடுகிறது.

மெழுகுக்குப் பதிலாகப் பூசும் செயற்கைப் பூச்சான பாலிமர் சீலன்ட்டில் அந்த ஆழம் கொஞ்சம் குறைவு, ஆனால் நான்கு மாதம் தாங்குகிறது. பூசுவதும் சுலபம். ஸ்ப்ரே செராமிக் இன்னும் சுலபம், கழுவிய ஈரத்தோடே அடித்துத் துடைக்கலாம். அதில் எனக்கு ஒரே ஒரு தயக்கம்: தண்ணீர் நன்றாக முத்தாகிறது, போர் தண்ணீர் முத்து வெயிலில் காய்ந்தால் உப்பு முழுதும் ஒரே புள்ளியில் இறங்குகிறது. உடனுக்குடன் துடைக்க ஆள் இருந்தால் அடியுங்கள்.

வெளியில் நிற்கும் வண்டிக்கு நான் சொல்வது சீலன்ட். ஷெட்டுக்குள் நிற்கும் கறுப்பு, கருநீல வண்டிக்குக் கார்னோபா. எனக்கு ஷெட் இல்லை. பங்குனியில் சீலன்ட் பூசிவிடுவேன், வெயில் தணிந்து ஐப்பசி மழை தொடங்கும் முன் கார்னோபா டப்பாவைத் திறப்பேன். வேப்பமரத்தடியில் நிறுத்துவதால், காக்கா எச்சம் விழுந்தால் மட்டும் அலுவலகம் போகும் அவசரத்திலும் ஈரத்துணியைக் கொஞ்ச நேரம் மேலே போட்டு ஊறவைத்து எடுத்துவிட்டுத்தான் கிளம்புவேன்.