மதுரை வெயிலுக்கு ஏர் கூலர் சரிப்படுமா? ஆறு மாதம் ஓட்டிப் பார்த்த அனுபவம்

சித்திரைத் திருவிழாவுக்கு முந்தின வாரம் வாங்கிய 55 லிட்டர் ஏர் கூலரைப் பற்றி இப்போதுதான், நவம்பரில், எழுதுகிறேன். வேண்டுமென்றேதான் இவ்வளவு நாள் பொறுத்தேன். வாங்குவதற்கு முன் படித்த விமர்சனங்களில் பாதிப் பேர் ஏசி மாதிரி குளிருது என்று 5 நட்சத்திரம், மீதிப் பேர் காசு தண்டம் என்று 1 நட்சத்திரம். எந்த ஊர், எந்த மாதம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. கூலருக்கு அது இரண்டும்தான் முக்கியம்.

எங்கள் வீடு வில்லாபுரம் பக்கம், மேல் மாடி. பகல் முழுக்கக் குடித்த வெயிலைத் தளம் ராத்திரி பதினொரு மணி வரைக்கும் கக்கிக்கொண்டே இருக்கும். அம்மாவுக்கு ஏசி காற்று ஒத்துக்கொள்ளாது, முட்டி வலி எடுத்துவிடும். அதனால்தான் கூலர்.

இது வேலை செய்யும் விதம் மண்பானைத் தண்ணீர் குளிர்வது மாதிரிதான். பம்ப் ஊற்றும் தண்ணீரில் நனைந்த பேட் (ஓட்டை ஓட்டையான தடித்த அட்டை) வழியாகக் காற்றை இழுக்கும்போது தண்ணீர் ஆவியாகும், ஆவியாகும்போது காற்றிலிருந்து சூட்டை எடுத்துக்கொள்ளும். அந்தக் காலத்தில் ஜன்னலில் வெட்டிவேர்த் தட்டி கட்டி நனைத்து விட்டதும் இதே கணக்குதான். காற்று காய்ந்திருந்தால் தண்ணீர் வேகமாக ஆவியாகும். ஏற்கெனவே ஈரமாக இருக்கும் காற்றில் ஆவியாக அதிக இடம் இல்லை, அப்போது கூலர் கிட்டத்தட்ட வெறும் ஃபேன்தான், கூடவே அறையில் பிசுபிசுப்பையும் ஏற்றிவிடும்.

ஈரப்பதமும் காட்டுகிற சின்ன டிஜிட்டல் வெப்பமானி ஒன்று வாங்கி ஜன்னலில் மாட்டினேன். கத்திரி வெயிலில் ஒரு மதியம் இரண்டு மணிக்கு வெளியே 39 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம், கூலரிலிருந்து வந்த காற்று 28. பதினோரு டிகிரி குறைவு! அம்மா அன்றைக்குத்தான் ஏப்ரலுக்குப் பிறகு மதியத்தில் நிம்மதியாகத் தூங்கினார். அதே வாரத்தில் ஒரு சாயங்காலம் இடியோடு கோடை மழை அடித்து ஓய்ந்தது. வெளியே 31, ஈரப்பதம் 75, கூலர் காற்று 28. மூன்று டிகிரிதான். பம்பை நிறுத்திவிட்டு ஃபேனாக மட்டும் ஓட்டினோம், அதுவே பரவாயில்லை.

சென்னையில் இருக்கும் அக்கா ரெண்டு வருஷத்துக்கு முன்னாலேயே இதே அளவு கூலர் வாங்கி, ஒரே மாதத்தில் யாருக்கோ கொடுத்துவிட்டார். அவர் வீட்டில் மதியம் கடல் காற்று உள்ளே வந்ததும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும், அதில் கூலரையும் போட்டால் கேட்கவே வேண்டாம். நாக்பூரில் ரயில்வேயில் இருக்கும் சித்தப்பா மகன் அண்ணனோ கூலர் இல்லாமல் அங்கே மே மாதத்தைத் தாண்ட முடியாது என்கிறார். ரெண்டு பேர் சொல்வதும் உண்மை.

ஆனால் அண்ணன் சொன்ன இன்னொரு விஷயம்தான் என்னை யோசிக்க வைத்தது. ஜூன் பாதியில் மழை இறங்கியதும் அவர்கள் கூலரைத் துடைத்து மூலையில் வைத்துவிடுவார்களாம். நமக்கு அப்படி இல்லை. தென்மேற்குப் பருவமழை மேற்குத் தொடர்ச்சி மலையின் அந்தப் பக்கமே கொட்டித் தீர்த்துவிடுகிறது. மூணாற்றுக்கும் போடிக்கும் நேர்கோட்டில் 40 கிலோமீட்டர்கூட இருக்காது, ஜூலையில் அங்கே அடைமழை, இங்கே இறங்கி வருவது அம்மியைப் பறக்கவைக்கும் காய்ந்த ஆடிக்காற்று. நாக்பூரில் கூலர் ஓய்வெடுக்கிற ஜூலை, ஆகஸ்டில் எங்கள் வீட்டில் அது பிரமாதமாக ஓடியது. நமக்கு மழை அதிகம் பெய்வது அக்டோபர், நவம்பரில்தான், வடக்கே வானம் தெளிந்துவிட்ட நேரத்தில். தீபாவளிக்கு முன்னாலேயே பேட்டைக் காயவைத்து மூடி வைத்துவிட்டேன்.

கட்டடங்களுக்கான மின்சிக்கன விதிகளிலேயே நாட்டை 5 தட்பவெப்ப மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். சூடும் வறட்சியுமான ஜோத்பூர் ஒன்று, புழுக்கமான சென்னை ஒன்று, எல்லாம் கலந்த டெல்லி, மிதமான பெங்களூரு, குளிரில் உறையும் லே. 2016 மே மாதம் 51 டிகிரி தொட்ட ராஜஸ்தானின் பலோடிக்கும், நாலு பக்கமும் கடல் சூழ்ந்த ராமேஸ்வரத்துக்கும் ஒரே வாசகம் அச்சடித்த பெட்டியை விற்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. எந்த ஈரப்பதத்தில் எத்தனை டிகிரி குறையும் என்று பெட்டியில் ஒரு சின்னப் பட்டியல் போட்டால் அக்கா மாதிரி எத்தனையோ பேருக்குப் பணம் மிஞ்சும். கடைக்காரரிடம் இதைக் கேட்டபோது, எல்லா ஊருக்கும் ஒரே மாதிரிதான் சார் என்றார். தெரியாமல் சொன்னாரா தெரிந்தே சொன்னாரா தெரியவில்லை, கோபம்தான் வந்தது.

மற்றபடி மெஷினில் பெரிய குறை இல்லை. கரண்ட் 180 வாட்தான் இழுக்கிறது, ஆறு மணி நேரம் ஓடினால் சுமார் ஒரு யூனிட். சத்தம் அதிகம், டிவி பார்க்க முடியாது. எங்கள் போர் தண்ணீர் உப்பு என்பதால் மூன்றே மாதத்தில் தேன்கூடு பேட்டில் வெள்ளை வெள்ளையாகப் படிந்து காற்று குறைந்துவிட்டது, குழாயடியில் வைத்து மெதுவாக அலசியதில் ஓரளவு போனது. கார்ப்பரேஷன் தண்ணீர் வரும் நாளில் பிடித்து ஊற்றினால் பேட் தாங்குகிறது. அப்புறம் ஜன்னலை ஒட்டி வைத்து, எதிர்ப்பக்கக் கதவைத் திறந்து வையுங்கள். ஏசி மாதிரி அறையை மூடிவிட்டு ஓட்டினால் அரை மணி நேரத்தில் மதுரையே சென்னையாகிவிடும். அம்மா வெட்டிவேரை மெல்லிய துணியில் முடிந்து தொட்டியில் போட்டு வைப்பார், துணி இல்லாமல் போட்டால் நார் பம்பில் சிக்கும்.

மதுரை, மார்ச் முதல் செப்டம்பர் வரை: 4 நட்சத்திரம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை: 1. ராமேஸ்வரத்தில் இருக்கும் மாமா தனக்கும் ஒன்று வாங்கி அனுப்பச் சொல்லிக் கேட்டார், வேண்டாம் மாமா என்று சொல்லிவிட்டேன்.