பழைய டொயோட்டா ஃபார்ச்சூனர் 3.0 லிட்டர் டீசலா, புதிய 2.8-ஆ? வேலூர்ப் பக்கம் ஓட்டுபவர்களுக்கு

இழுவையில் புதியதுதான் மேல். பழையதன் டார்க் (சுழற்றும் விசை) 343 என்.எம்.; 2021-க்குப் பிந்தைய ஆட்டோமேட்டிக் 500. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் முழு லோடோடு ஏறினால் வித்தியாசம் காலிலேயே தெரியும்.

ஆனால் நான்கு சக்கர இயக்கத்தில் பழையதை லேசாக நினைக்க வேண்டாம். அதில் முன், பின் ஆக்சில்களை வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் நடு டிஃபரன்ஷியல் உண்டு. காய்ந்த தாரிலும் நான்கு சக்கரமும் எப்போதும் இழுக்கும். புதியதில் ஹெச்4 (சாதாரண வேகத்துக்கான நான்கு சக்கர இயக்கம்) போட்டால் முன், பின் ஆக்சில்கள் ஒரே வேகத்தில் பூட்டிக்கொள்ளும். காய்ந்த ரோட்டில் அப்படியே வளைத்தால் டயர் தேய்ந்து, டிரான்ஸ்ஃபர் கேஸ் (இரு ஆக்சில்களுக்கும் விசையைப் பிரிக்கும் பெட்டி) முறுக்கிக்கொள்ளும். ஜவ்வாது மலைச் சேற்றிலும் பாலாற்று மணலிலும் மட்டும் போடுங்கள். எல்4-க்கு (மெதுவாக, அதிக இழுவையோடு போகும் நிலை) வண்டியை நிறுத்தி, நியூட்ரலுக்கு வந்த பிறகே குமிழைத் திருப்ப வேண்டும்.

பழைய எஞ்சினில் பயப்பட வேண்டியது இன்ஜெக்டர் அடியிலுள்ள செம்பு வாஷர். அது கசிந்தால் கரி ஆயிலில் இறங்கி, சம்ப்புக்குள் (எஞ்சின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) இருக்கும் ஸ்ட்ரெய்னரை, அதாவது வடிகட்டி வலையை, அடைக்கும். ஆயில் பிரஷர் விழுந்து எஞ்சினே போகும். வாங்குமுன் சம்ப்பைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், கூலி வீண் போகாது. டைமிங் பெல்ட்டை 1.5 லட்சம் கி.மீ.யில் மாற்றியதற்கு பில் கேளுங்கள். புதியதில் செயின், அந்தக் கவலை இல்லை.

புதியதில் பி.எஸ்.6 (மாசு விதி) வண்டிக்குத் தொல்லை டி.பி.எஃப்., அதாவது சைலன்சர் வழியில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி. காட்பாடிக்கும் வேலூருக்கும் மட்டுமே ஓட்டினால் புகைக்கரி எரியாமல் அடைக்கும். வாரம் ஒருமுறை ஆம்பூர் பக்கம் நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் சீராக ஓட்டுங்கள்.

2009–10 வண்டி என்றால் 15 ஆண்டு ஆர்.சி. புதுப்பித்தாயிற்றா என்று பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.