‘கொஞ்சம்’ ஆகாதுன்னாங்க: ஷெல்டர்ல நாய் எடுத்து ஏழு மாசம் ஆன பிறகு ஒரு ரிவ்யூ

மொதல்லயே ரேட்டிங் சொல்லிடறேன். நாய்க்கு அஞ்சுக்கு ஆறு, ஷெல்டருக்கு மூணரை, அதுவும் போன வாரம் வரைக்கும் மூணு தான். கிருஷ்ணகிரி மாவட்டத்துல ஹைவேல இருந்து உள்ள தள்ளி இருக்குற ஒரு சின்ன ஷெல்டர், பேர் போடல, ஏன்னா அவங்க பண்றது நல்ல வேலை, கைக்காசு போட்டு தினமும் அத்தனை நாய்க்கு சோறு ஆக்குறாங்க. நான் சொல்ற குறை ஒரே ஒரு வார்த்தை பத்தினது. ஆனா அந்த ஒரு வார்த்தையால என் கையில நாலு பல்லு இறங்குச்சு, அதனால எழுதறேன்.

எங்க வீடு காவேரிப்பட்டணத்துக்கு வெளிய. பின்னாடி பெங்களூரா மாந்தோப்பு, முன்னாடி ரோடு, ரோட்டுக்கு அந்தாண்ட ஒரு டீக்கடை, அந்த டீக்கடைக்கு எழுதி வெச்ச மாதிரி ஆறு தெரு நாய். இந்த கடைசி விஷயத்தை நான் ஷெல்டர்ல சொல்லல, அவங்களும் கேக்கல. சொந்த வீடா வாடகை வீடா, காம்பவுண்டு இருக்கா, வீட்ல எத்தனை பேரு, ஆதார் ஜெராக்ஸ் எங்க, எல்லாம் ஃபார்ம்ல கேட்டாங்க, தெருவுல எத்தனை நாய் சுத்துதுன்னு மட்டும் ஒரு வரி இல்ல.

பிப்ரவரில ஒரு ஞாயித்துக்கிழமை நானும் வைஃபும் பொண்ணும் போனோம். உள்ள நுழையும்போதே எல்லா கூண்டுலயும் குரைச்சு குரைச்சு காது அடைச்சுருச்சு. கடைசி கூண்டுல மட்டும் ஒரு செவலை நிற நாய் தனியா, பக்கவாட்டுல நீல தார்ப்பாய் கட்டி மறைச்சிருந்தாங்க, நான் வெயிலுக்குன்னு நெனச்சேன். அங்க இருந்த தம்பி அதை வெளிய கூட்டிட்டு வரும்போது கூண்டு வரிசை வழியா வராம பின்பக்கம் வேலி ஓரமா அம்மாம் தூரம் சுத்திட்டு வந்தாரு, அதுவும் நிழலுக்குன்னு நெனச்சேன். இப்போ யோசிச்சா எல்லாமே கண்ணு முன்னாடி தான் இருந்திருக்கு, நமக்கு தான் படிக்கத் தெரியல.

வயசு மூணு இருக்கும்னாங்க, காது நுனில வெட்டு இருந்துச்சு, கருத்தடை ஆன அடையாளம். வந்ததும் மோந்து பாக்கல, சுத்தி வரல, நேரா என் பொண்ணுகிட்ட போய் முழு எடையும் அவ மேல சாய்ச்சு உக்காந்துருச்சு. பொண்ணு ஒன்பது வயசு, தாங்க முடியாம பின்னாடி சரிஞ்சுட்டா, அது கூடவே சரிஞ்சு அவ கழுத்துக்குள்ள மூஞ்சிய வெச்சுக்கிச்சு. அவ்ளோ தான், முடிஞ்சுது. தம்பி சொன்னாரு, “இது மனுசங்கன்னா உயிரை விடும்ணா, மத்த நாய்ங்களோட மட்டும் கொஞ்சம் ஆகாது.”

கொஞ்சம். பொண்ணு குடுக்கற எடத்துல “பையன் கொஞ்சம் கோவக்காரன்”னு சொன்னா தலைய ஆட்டிட்டு காபிய குடிக்கிறோம் பாருங்க, அப்படித் தான் தலைய ஆட்டினேன்.

காசு எதுவும் வாங்கல, நாங்களா ரெண்டு மூட்டை அரிசி எறக்கிட்டு வந்தோம். ரேபிஸ் ஊசி, நைன் இன் ஒன் ஊசி எல்லாம் போட்டு தேதியோட கார்டு குடுத்தாங்க, அதுல குறை சொல்ல முடியாது.

ஷெல்டர்ல வெச்ச பேர் டெய்சி. அது எங்கம்மா வாயில நுழையல, செவலைன்னே கூப்பிட்டாங்க, நாய் ரெண்டுக்கும் திரும்பல. பக்கத்து வீட்டு பாட்டி தெலுங்கு, நம்ம பக்கம் தான் வீட்டுக்கு ஒரு பாஷையாச்சே, அவங்க பேரனை “இக்கட ரா”ன்னு கூப்பிட்டாங்க, பேரன் அசையல, எங்க செவலை காம்பவுண்டுகிட்ட ஓடிப் போய் நின்னுச்சு. பாட்டி சிரிச்சுக்கிட்டே “கூச்சோ”ன்னாங்க, டபக்குன்னு உக்காந்துச்சு. அப்போ தான் புரிஞ்சுது, யாரோ வீட்டுக்குள்ள வெச்சு வளத்து, கூச்சோ எல்லாம் சொல்லிக் குடுத்து, அப்புறம் கை விட்டிருக்காங்க.

இதுக்கும் அதோட பிரச்சனைக்கும் சம்பந்தம் இருக்குன்னு பின்னாடி தெரிஞ்சுது. குட்டிக்கு மூணு வாரத்துல இருந்து சுமாரா பதினாலு வாரம் வரைக்கும் தான் உலகத்தை பயமில்லாம கத்துக்கற காலம், அந்த நேரத்துல தாய்கிட்ட இருந்தும் கூடப் பொறந்ததுங்ககிட்ட இருந்தும் பிரிச்சு வீட்டுக்குள்ளயே வெச்சுட்டா அது மனுசங்களோட பழகிடும், மத்த நாய்ங்களோட பழகாது. எங்க செவலைக்கு அது தான் நடந்துச்சான்னு சத்தியம் பண்ண முடியாது, ஆனா பாத்தா அப்படித் தான் இருக்கு. அதுக்கு மேல கூண்டு வாசம், நாலு பக்கமும் நாள் பூரா குரைப்பு, நமக்கே ஒரு மணி நேரத்துல தலைவலி வந்துச்சு.

மொத அஞ்சு நாள் சொர்க்கம். கேஸ் சிலிண்டர் போட வந்தவரு மேல சாஞ்சுது, கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவரு மேல சாஞ்சுது, காவலுக்கு பத்து பைசாவுக்கு பிரயோஜனம் இல்ல, திருடன் வந்தா பீரோ சாவிய எடுத்து குடுத்துரும்னு அம்மா சொன்னாங்க.

ஆறாம் நாள் சாயங்காலம் டீக்கடை பக்கம் கூட்டிட்டு போனேன். இதை நாய் வெச்சிருக்கவங்க கவனிச்சு படிங்க. அது வரைக்கும் வாயத் தெறந்து நாக்கத் தொங்க போட்டு நடந்துட்டு இருந்துச்சு, திடீர்னு நாக்கு உள்ள போச்சு, வாய் மூடிக்கிச்சு, உடம்பு பலகை மாதிரி ஆச்சு, வால் மேல ஏறி நின்னுச்சு. சத்தமே இல்ல. அது என்னத்த பாக்குதுன்னு நான் திரும்பறதுக்குள்ள கடை நாய்ல ஒண்ணு பக்கத்துல வந்துருச்சு, அப்புறம் ஒரே உருளல். நான் பண்ணக் கூடாதத பண்ணேன், நடுவுல கைய விட்டேன். கடிச்சது தெரு நாய் இல்ல, நம்ம செவலை தான். அதுக்கு அந்த நேரத்துல அது என் கைன்னே தெரியாது, பல்லு இறங்கின உடனே தெரிஞ்சு விட்டுருச்சு. டீக்கடை அக்கா ஒரு குடம் தண்ணிய எடுத்து ரெண்டு நாய் மேலயும் ஊத்தினாங்க, பிரிஞ்சுது. அந்த குடத்தை நான் மொதல்லயே தேடியிருக்கணும்.

சோப்பு போட்டு ஓடற தண்ணில பதினஞ்சு நிமிசம் கழுவினேன், உடனே கவர்மெண்ட் ஆஸ்பத்திரி, ரத்தம் வந்த கடிங்கிறதால காயத்தை சுத்தி தனியா ஒரு மருந்து, அது போக 0, 3, 7, 28ன்னு நாலு நாள் ஊசி. வீட்டு நாய் தானே, ஊசி போட்ட நாய் தானேன்னு சும்மா இருக்காதீங்க. செவலை ராத்திரி பூரா என் கட்டிலுக்கு அடியில இருந்து வெளிய வரவே இல்ல. அம்மா வாசப்படில நின்னு, “ஏன்டா, வளந்த நாய் வேணாம்னு தலைபாடா அடிச்சிக்கினேனே, கொண்டு போயி வுட்டுட்டு வந்துரு”ன்னாங்க.

ஷெல்டருக்கு போன் பண்ணேன். ஒரே ரிங்ல எடுத்தாங்க, அதுக்கு ஒரு மார்க். “வேணாம்னா கொண்டு வந்துருங்கண்ணா, ரோட்ல மட்டும் விட்றாதீங்க”ன்னாங்க, அதுக்கு இன்னொரு மார்க். அப்புறம் மெதுவா, இதுக்கு முன்னாடி அங்கயே ரெண்டு தடவை சண்டை ஆச்சு, ஒரு நாயோட காது கிழிஞ்சுருச்சு, அதனால தான் கடைசி கூண்டுன்னு சொன்னாங்க. ஏம்மா மொதல்லயே சொல்லலன்னு கேட்டா, “சொன்னா யாருமே எடுக்க மாட்டாங்கண்ணா.”

எனக்கு கோவம் இந்த எடத்துல தான். அவங்க கஷ்டம் புரியுது, ஆனா சொல்லியிருந்தாலும் நான் எடுத்திருப்பேன், எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வாய்க்கூடை வாங்கியிருப்பேன், டீக்கடை பக்கமே போயிருக்க மாட்டேன். மறைச்சு குடுத்தா அந்த நாய் தான் திரும்பி வரும், திரும்பி வந்த நாய்னு இன்னொரு கெட்ட பேரும் சேரும். எங்க வீட்லயே பொண்ணு அழுத அழுகைல தான் அது தங்குச்சு, இல்லன்னா அன்னிக்கே போயிருக்கும்.

கால்நடை ஆஸ்பத்திரி டாக்டர்கிட்ட காட்டினேன். மனுசன் மேல பாயற நாய் வேற, நாய் மேல பாயற நாய் வேற, ஒண்ணு இருந்தா இன்னொண்ணும் இருக்கணும்னு அவசியமில்லன்னு சொன்னாரு, அம்மாவுக்கு பாதி பயம் அங்கயே போச்சு. கழுத்துல கெடந்த, இழுத்தா இறுக்கற சோக் செயினை (பெட் ஷாப்ல சண்டைக்கார நாய்க்கு இது தான் மருந்துன்னு தலையில கட்டினது) கழட்டிப் போட சொன்னாரு. நாயைப் பாக்கும்போதெல்லாம் கழுத்து வலிச்சா, நாய்னாலே வலின்னு மனசுல பதிஞ்சுரும், இன்னும் மோசமாகும்னாரு. நெஞ்சோட மாட்டற ஹார்னஸ் வாங்கினேன்.

வாய்க்கூடை பத்தி ரெண்டு வார்த்தை. துணில வாயை இறுக்கி கட்டற மாதிரி ஒண்ணு விக்கிறாங்க, அதை வாங்காதீங்க, நாய் வாயத் தெறந்து மூச்சு வாங்கித் தான் உடம்பு சூட்டை எறக்கும், நம்ம ஊர் ஏப்ரல் வெயில்ல வாயக் கட்டினா அவ்ளோ தான். கூடை மாதிரி இருக்குறது தான் சரி, மாட்டிக்கிட்டே தண்ணி குடிக்கும். உடனே மாட்டி விட்றாதீங்க, நான் பத்து நாள் கூடைக்குள்ள தயிர்சாதம் தடவி நக்க வெச்சேன், இப்போ கூடைய எடுத்தாலே தானா மூஞ்சிய உள்ள விடுது. ஒரே கஷ்டம், தெருவுல எல்லாரும் வெறி நாய்னு நெனைக்கறாங்க, அது பாவம் எல்லார் மேலயும் சாயலாம்னு வாலாட்டிட்டு போகுது.

பயிற்சின்னு பாத்தா கோழி தான். தூரத்துல நாய் தெரியும், நாக்கு உள்ள போறதுக்கு முன்னாடி வேகவெச்ச கோழி ஒரு துண்டு. நாய் மறைஞ்சா கோழி கிடையாது. மொத மாசம் அறுபது அடிக்கு கிட்ட போனாலே கோழியெல்லாம் கண்ணுல படாது, இப்போ இருபத்தஞ்சு அடில நாயைப் பாத்துட்டு என்னைத் திரும்பிப் பாக்குது, எங்கடா கோழின்னு. ஏழு மாசத்துல முப்பத்தஞ்சு அடி, இது தான் எங்க மொத்த சாதனை. இன்னொரு நாயோட கொஞ்சி விளையாடும்னு இப்போ நான் எதிர்பாக்கறதில்ல, எனக்கும் தான் எல்லா சொந்தக்காரனையும் புடிக்காது.

நடுவுல மாங்கா சீசன் வந்து கெடுத்துச்சு. காலைல அஞ்சு மணிக்கு தோப்பு வழியா தான் நடப்போம், நாய் நடமாட்டம் இருக்காது. குத்தகை எடுத்தவங்க காவலுக்கு ஆள் போட்டாங்க, ஆளோட நாயும் வந்துச்சு, ஜூன் ஜூலை ரெண்டு மாசம் அந்த வழி அடைப்பு. மொட்டை மாடிலயே சுத்தினோம். தெரிஞ்சவர் ஒருத்தர், டீக்கடை நாய்ங்கள புடிச்சுட்டு போகச் சொல்லி மனு குடுங்கன்னாரு. தெரு நாய் கருத்தடைக்கான ஏபிசி ரூல்ஸ் 2023 படி புடிச்சா கருத்தடை பண்ணி ஊசி போட்டு பொதுவா புடிச்ச எடத்துலயே தான் திருப்பி விடணும், அதுவும் இல்லாம அதுங்க எங்களுக்கு முன்னாடில இருந்து அங்க இருக்குதுங்க.

எடுக்கப் போறவங்க காலை நேரத்துல போங்க, மதியம் அவங்க சோறாக்கற நேரம், பேச ஆள் இருக்காது. பாக்கப் போற நாயை கூண்டு வரிசை வழியா ஒரு தடவை நடத்திக் காட்ட சொல்லுங்க, சுத்திட்டு வந்தா ஏன்னு கேளுங்க. வீட்ல ஏற்கனவே நாய் இருந்தா ஒரே நாள்ல முடிவு பண்ணாதீங்க.

போன வாரம் பழைய கோணிப்பையெல்லாம் குடுக்கப் போயிருந்தேன். கடைசி கூண்டுல இப்போ ஒரு கருப்பு ஆண் நாய், அதே நீல தார்ப்பாய். ஓசூர்ல இருந்து ஒரு குடும்பம் அதைப் பாத்துட்டு இருந்தாங்க, அது அந்த அண்ணன் கால் மேல சாஞ்சு உக்காந்துருக்கு. அதே தம்பி தான். என்னை ஒரு தடவை பாத்தாரு, அப்புறம் அவங்ககிட்ட திரும்பி, “மனுசங்கன்னா தங்கம்ணா. மத்த நாய்ங்களோட சுத்தமா ஆகாது, ரெண்டு நாயைக் கடிச்சிருக்கு”ன்னாரு. அந்த அரை ஸ்டார் அதுக்கு தான்.