‘ஷேவ் ரெடி’ சவரக்கத்தி என்று விற்கிறார்கள், நம்பிப் பணம் கட்டாதீர்கள்

சவரக்கத்தியில் ஷேவ் செய்யப் பழகலாம் என்று ஆன்லைனில் கத்தி தேடிக்கொண்டிருப்பவர்கள், பணம் கட்டும் முன் இதை முழுசாகப் படித்துவிடுங்கள். சலூனில் அரை பிளேடு மாட்டும் கத்தியைச் சொல்லவில்லை. கல்லிலும் தோலிலும் தீட்டிப் பயன்படுத்தும் பழைய மடக்குக் கத்தியைச் சொல்கிறேன். அதில் இப்போது நடக்கும் ஏமாற்று புதிதாகப் பழக வருபவர்களைக் குறிவைத்தே நடக்கிறது.

நான் வாங்கியது ஒரு செட். கத்தி, தோல்வார், தீட்டும் பசை, மரப்பெட்டி எல்லாம் சேர்த்து 2,800 ரூபாய். டமாஸ்கஸ் ஸ்டீல், ஜெர்மன் ஸ்டீல், கையால் தீட்டியது, ஷேவ் ரெடி, அதாவது பெட்டியைத் திறந்ததும் முகத்தில் வைக்கலாம் என்று விளம்பரத்தில் எல்லாமே போட்டிருந்தது. வெந்நீரில் முகம் கழுவி, சோப்பை நன்றாக நுரைத்துப் பூசி, கன்னத்தில் வைத்து இழுத்தால் முடி வெட்டுப்படவே இல்லை, பிடுங்கிக்கொண்டு வருகிறது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. விற்றவருக்கு வாட்ஸப்பில் எழுதிக் கேட்டால், “புதுசா பழகுறவங்களுக்கு அப்படித்தான் சார் இருக்கும், கை செட் ஆகணும், தோல்ல இன்னும் அம்பது தடவை தீட்டுங்க” என்று பதில்.

இந்த வியாபாரமே இந்தப் பதிலை வைத்துத்தான் ஓடுகிறது. கூரான சவரக்கத்தி முகத்தில் எப்படி ஓடும் என்று புதிதாகப் பழகுபவருக்குத் தெரியாது. கத்தி மொட்டையா, நம் கை சரியில்லையா என்று பிரித்துப் பார்க்க வழியே இல்லை, அதனால் கத்தியை முப்பது டிகிரி சாய்வில் பிடி, தோலை இழுத்துப் பிடி என்று படித்ததையெல்லாம் மாற்றி மாற்றிச் செய்து பார்ப்போம், கடைசியில் அழுத்துவோம். கூர் இல்லாத கத்தியை அழுத்தினால் அது முடியை விட்டுவிட்டுத் தோலைக் கிழிக்கும். என் தாடைக்குக் கீழே விழுந்த கோடு இன்னும் மறையவில்லை. இப்படி நாம் ‘பழகிக்கொண்டு’ இருக்கும்போதே ரிட்டர்ன் அனுப்பும் காலக்கெடு ஓடிப்போய்விடும்.

தோலில் தீட்டச் சொன்னதே பித்தலாட்டம். இருக்கும் கூரை நேராக்கி வைத்துக்கொள்ளத்தான் தோல்வார், இல்லாத கூரை அது கொண்டுவராது. கூர் கல்லில்தான் பிறக்கும். 1000 எண் கல்லில் தொடங்கி 4000, 8000, 12000 என்று (எண் கூடக் கூடக் கல் நைசாக இருக்கும்) மேலே போய், அதற்கப்புறம்தான் தோல். பெயர்பெற்ற கம்பெனிகளின் புதுக் கத்திகளே பல நேரம் கல்லில் ஒருமுறை தீட்டிய பிறகுதான் முகத்துக்கு ஆகும். அவர்கள் கொடுத்த தோல்வார் தோலும் இல்லை. ஓரம் பிரிந்தபோது பார்த்தால் துணி மேல் ஒட்டிய ரெக்சின்.

விடாமல் கேட்டதும், “அனுப்புங்க, நாங்களே தீட்டித் தர்றோம்” என்று 900 ரூபாய் தனியாக வாங்கினார்கள், கூரியர் செலவும் என் தலையில். திரும்பி வந்த கத்தியைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. முனைப் பக்கம் ஒரு விரல்கடை அளவுக்கு விளிம்பு நீலம் பாய்ந்திருந்தது. கிரைண்டர் சக்கரத்தில் வைத்துத் தேய்த்திருக்கிறார்கள். கத்தி இரும்பு சுமார் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடாகும்போதுதான் அந்த நீலம் வரும், வந்த இடத்தில் பதம் போய் இரும்பு மிருதுவாகிவிடும், அப்புறம் எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிற்காது. சவரக்கத்தியைத் தீட்டத் தெரிந்த யாரும் அதைச் சக்கரத்தில் வைக்க மாட்டார்கள். முதுகும் விளிம்பும் ஒருசேரக் கல்லில் படும்படி படுக்க வைத்துத்தான் தள்ளுவார்கள்.

எங்கள் தெருவில் சலூன் வைத்திருக்கும் பெரியவரிடம் கொண்டுபோனேன். மடக்குக் கத்திக் காலத்திலிருந்து தொழில் செய்பவர். அவர் விளிம்பைப் பார்க்கவே இல்லை, நேராகக் கண்ணாடி மேஜையில் கத்தியைப் படுக்க வைத்து நுனியை விரலால் லேசாகத் தட்டினார். கத்தி டக் டக்கென்று ஆடியது. “முதுகே கோணல் தம்பி. கல்லுல வச்சா விளிம்பு முழுக்க ஒரே மாதிரி படாது. இது பாக்குறதுக்குச் செஞ்சது, செரைக்கச் செஞ்சதில்ல” என்றார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

அந்தக் கண்ணாடிச் சோதனையைப் பெட்டி திறந்தவுடன் நீங்களும் செய்யுங்கள். அப்புறம் செல்போன் டார்ச்சை மேலிருந்து விளிம்பின் மேல் அடியுங்கள். நன்றாகத் தீட்டிய விளிம்பில் வெளிச்சம் தெறிக்காது. வெள்ளைக் கோடோ புள்ளியோ மின்னினால் அந்த இடம் மொட்டை. கையில் இருக்கும் முடியின் மேல், தோலைத் தொடாமல் கத்தியை ஓட்டினால் முடி தானாக விழ வேண்டும். கட்டை விரலை விளிம்பில் வைத்துத் தடவிப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம். டமாஸ்கஸ் என்று சொன்னால் முதுகைப் பாருங்கள். இரும்பை அடுக்கடுக்காகச் சேர்த்து அடித்ததென்றால் அந்த வரிகள் முதுகிலும் ஓடும், எனக்கு வந்ததில் இரண்டு பக்கமும் அலை அலையாக இருந்த டிசைன் முதுகில் சுத்தமாக இல்லை. ‘ஜெர்மன் ஸ்டீல்’ என்பதற்கும் மதிப்பில்லை. கத்திக்குப் பேர்போன சோலிங்கன் என்ற ஊர்ப் பெயரைக் கத்தியில் பொறிக்கத்தான் ஜெர்மனியில் 1938 முதலே சட்டக் கட்டுப்பாடு உண்டு, அங்கே செய்யும் புதுக் கத்தி நம் கைக்கு வந்து சேரப் பத்தாயிரம் ரூபாயைத் தாண்டும்.

இதையெல்லாம் பெட்டி பிரிப்பதிலிருந்து வீடியோ எடுத்துக்கொண்டே செய்யுங்கள், முகத்தில் வைக்கும் முன்பே. ஏனென்றால் “பயன்படுத்திய பொருள், சுகாதாரக் காரணத்தால் ரிட்டர்ன் இல்லை” என்றுதான் என்னை மடக்கப் பார்த்தார்கள். 2020ஆம் ஆண்டு மின்வணிக நுகர்வோர் விதிகளின்படி, குறையுள்ள பொருளையோ விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையோ திருப்பி எடுக்க மாட்டேன் என்று விற்பவர் சொல்ல முடியாது. நாம் வாங்கிய ஆன்லைன் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வும் தர வேண்டும். இதை எழுதி அனுப்பிவிட்டு, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்தேன். அதற்குப் பிறகுதான் 2,800 ரூபாய் திரும்ப வந்தது. தீட்டுவதற்குக் கொடுத்த 900 ரூபாயை வாட்ஸப்பில் தனியாக வாங்கியிருந்ததால் தளம் கைவிரித்துவிட்டது. அதனால் தளத்துக்கு வெளியே எதற்கும் பணம் அனுப்பாதீர்கள், ‘சர்வீஸ் சார்ஜ்’ என்றாலும் சரி. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இப்படிச் சிறு தொகைக்கு மனு போட, ஐந்து லட்சம் வரை கட்டணமே கிடையாது. அந்த 900 ரூபாய்க்காக நான் போடத்தான் போகிறேன்.

பழக ஆசை இருந்தால் இப்போதைக்கு அரை பிளேடு மாட்டும் கத்தியில் தொடங்குங்கள். சில நூறு ரூபாய்தான். புது பிளேடு கூராகவே வரும், அதனால் தப்பு கையிலா கத்தியிலா என்ற குழப்பம் இல்லை. ஆனால் அதில் துளியும் அழுத்தக் கூடாது, மடக்குக் கத்தியைவிடச் சீக்கிரம் கீறிவிடும். பக்கத்தில் படிகாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு விற்ற அதே செட் இப்போது வேறு கடைப் பெயரில், அதே படத்தோடு, விலையை 3,400 ஆக ஏற்றி ஓடிக்கொண்டிருக்கிறது. நீல நிற ரெசின் கைப்பிடி, பித்தளை ஆணி மூன்று, மரப்பெட்டி மூடியில் சிங்க முகம். விளம்பரத்தில் பொருள் எந்த நாட்டில் செய்தது என்ற இடம் காலியாக இருக்கும்.