எனக்கும் கேட்கிற கூட்டம்: ஜூம் பற்றி

எனக்கு வலது காது கேட்காது. ஏழு வயதில் பொன்னுக்கு வீங்கி வந்தபோது போனது. இன்னொரு காது நன்றாகக் கேட்கிறதே, அப்புறம் என்ன என்று பலரும் கேட்பார்கள். ஒரு சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதை, அது இரண்டு காதுகளுக்கும் வந்து சேரும் நேரத்தையும் அளவையும் ஒப்பிட்டுத்தான் மூளை கண்டுபிடிக்கிறது. எனக்கு அந்த ஒப்பீடு இல்லை. அறையில் யாரோ பேசுவது கேட்கும். யார் என்று தேடித் திரும்புவதற்குள் பாதிப் பேச்சு போய்விடும்.

பாடநூல் பதிப்புக் குழுவில் வேலை பார்க்கிறேன். நாங்கள் 14 பேர், வாரம் ஒரு கூட்டம். எல்லோருக்கும் முன்னால் போய் மேசையின் வலது ஓரத்து நாற்காலியைப் பிடித்துக்கொள்வேன். அப்போதுதான் மற்றவர்கள் என் இடது பக்கம் இருப்பார்கள். அந்த இடம் கிடைக்காத நாளில், புரிந்ததுபோல் தலையாட்டிவிட்டு, வெளியே வந்து பக்கத்தில் இருந்தவரிடம் என்ன முடிவானது என்று கேட்பேன்.

2020இல் எங்கள் கூட்டங்கள் ஜூமுக்கு மாறின. முதல் நாளே வித்தியாசம் தெரிந்தது. பேசுகிறவரின் கட்டத்தைச் சுற்றி ஒரு கோடு ஒளிர்ந்தது. யார் பேசுகிறார் என்று நான் தேடவே வேண்டியதில்லை! எல்லோருடைய முகமும் எனக்கு நேரே, உதடு தெரியும்படி. தூரத்து நாற்காலி என்று ஒன்றே கிடையாது. மெல்லிய குரலில் பேசும் ஒரு தோழி எத்தனையோ நல்ல திருத்தங்கள் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார் என்பது, ஒலியைக் கூட்டி வைத்துக் கேட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது.

சாட் பெட்டிக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். பக்க எண்ணும் பெயரும்தான் என் காதில் அதிகம் பிசகும். இப்போது அவற்றை யாராவது தட்டச்சு செய்துவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் நடக்கும் கூட்டங்களில் பேசுவதை உடனுக்குடன் எழுத்தாகக் காட்டும் தானியங்கி எழுத்துவரியைப் போட்டுக்கொள்வேன். சிறப்புப் பெயர்களில் தடுமாறும், ஆனாலும் விட்ட சொல்லைப் பிடிக்கப் போதும். இலவசக் கணக்கில் 100 பேர் வரை, 40 நிமிடம். எங்களுக்கு அந்த நேரம் போதுமானதாகவே இருக்கிறது. சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறார்கள்.

குறை இல்லாமல் இல்லை. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டும் குழம்பும். அதனால் கை தூக்கும் பொத்தானை அழுத்திவிட்டுப் பேசுவது எங்கள் பழக்கமாகிவிட்டது. கேமராவை அணைத்தால் எனக்கு உதடு தெரியாது, அதையும் சொல்லி வைத்திருக்கிறேன். அடுத்தடுத்து மூன்று கூட்டம் என்றால் அலுப்பு நிஜம். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெரமி பெய்லன்சன் 2021இல் அதற்கு நான்கு காரணங்களை எழுதினார். தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது அவற்றில் ஒன்று. என் கட்டத்தை எனக்கு மட்டும் மறைக்கும் வசதி ஜூமில் இருக்கிறது. அன்றிலிருந்து மறைத்தே வைத்திருக்கிறேன், நிம்மதியாக இருக்கிறது.

மோசமானது கலப்புக் கூட்டம்தான். எட்டுப் பேர் ஒரே அறையில் ஒரு மைக்கைச் சுற்றி, மீதிப் பேர் இணையத்தில். ஒளிரும் கோடு அந்த எட்டுப் பேருக்கும் சேர்த்து ஒரே கட்டத்தைத்தான் காட்டும். நான் பழையபடி தேட ஆரம்பித்துவிடுவேன். இதைக் குழுவில் சொன்னேன். சரி என்று உடனே ஒப்புக்கொண்டார்கள். இப்போது அலுவலகத்தில் இருப்பவர்களும் அவரவர் மேசையில், அவரவர் ஹெட்போனோடு, தனித்தனிக் கட்டமாகத்தான் சேருகிறார்கள்.