இயற்கைக்கு மாறானது எது? ஒரு காணொளிப் பாடத்தொடர் குறித்த மதிப்புரை

மனிதப் பாலியலில் இயற்கையானது எது என்ற கேள்வியைச் சமயம், மெய்யியல், விலங்கியல் ஆகியவற்றின் வழியாக ஆராயும் எட்டு உரைகள் கொண்ட காணொளிப் பாடத்தொடர் ஒன்றைத் தமிழ் வசனவரிகளுடன் முழுமையாகப் பார்த்து முடித்தேன். முதல் ஐந்து உரைகளுக்காகவே இதற்குச் சந்தா கட்டலாம். கடைசி உரையும் தமிழ் வரிகளும் ஏமாற்றமளித்தன.

தொடரின் உச்சம் இரண்டாம் உரை. விவிலியத்தில் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் முதல் அதிகாரத்தில் தன்பாலுறவைக் கண்டிக்கும்போது பவுல் கையாளும் ‘பாரா ஃபிசின்’ (இயற்கைக்கு மாறாக) என்ற கிரேக்கத் தொடரையும், அதே நிருபத்தின் 11ஆம் அதிகாரத்தில் யூதரல்லாதோரைக் கடவுள் தம் மக்களோடு சேர்ப்பதற்கு உருவகமாக, காட்டொலிவக் கிளை நல்ல ஒலிவமரத்தில் ஒட்டவைக்கப்படுவதைச் சொல்லும்போது அவர் மீண்டும் கையாளும் அதே தொடரையும் உரையாளர் திரையில் அருகருகே வைக்கிறார். முதலிடத்தில் கண்டனமாக ஒலித்தது இரண்டாமிடத்தில் கடவுளின் அருட்செயலாகிவிடுகிறது. ஆண் தலைமயிரை நீளமாக வளர்ப்பது இழிவு என்று கொரிந்தியருக்குக் கற்பிப்பதும் அத்தொடரிலுள்ள அதே ‘ஃபிசிஸ்’ (இயற்கை) என்ற சொல்தான் என்று அவர் காட்டும்போது, அந்தச் சொல்லுக்குள் ஊர்வழக்கமும் ஒளிந்திருப்பது தெளிவாகிறது.

தமிழ் வரிகளோ இந்த நுட்பத்தைக் கெடுத்துவிடுகின்றன. பழைய தமிழ் வேதாகமம் இம்மூன்று இடங்களிலும் ‘சுபாவம்’ என்றே எழுதியிருக்க, வசனவரி எழுதியவர் எல்லாவற்றையும் ‘இயற்கை’ ஆக்கியிருக்கிறார். ஒரு பொருளின் தன்மையைச் சொல்ல ‘இயல்பு’, காடும் கடலும் விலங்கும் சேர்ந்த உலகைச் சொல்ல ‘இயற்கை’ என்று தனித்தனிச் சொற்களை அன்றாடம் புழங்கும் நமக்கு, உரையாளர் பாடுபட்டுப் பிரித்ததையெல்லாம் ஒரே சொல்லில் திரும்பவும் போட்டுக் குழப்பித் தருவது அநியாயம்.

13ஆம் நூற்றாண்டின் கத்தோலிக்க இறையியலாளர் தாமஸ் அக்குவினாசைப் பற்றிய உரை நிதானமானது. இனப்பெருக்கமே உடலுறவின் நோக்கம் என்று கொண்டு, அந்நோக்கத்தை முறிப்பவற்றையே காமம் சார்ந்த பாவங்களில் மிகக் கொடியவையாக அவர் வகுத்ததால், அந்த வரிசையில் வன்புணர்ச்சியைவிடச் சுயஇன்பம் கடுமையான பாவமாக நிற்கிறது. உரையாளர் இதைக் கேலி செய்யாமல், தருக்கம் எப்படி அங்கே வந்து சேர்ந்தது என்று படிப்படியாக விளக்குகிறார். கருத்தடையை விலக்கி, பாதுகாப்பான நாள்களைக் கணக்கிடுவதை ஏற்ற 1968ஆம் ஆண்டுப் போப்பாண்டவரின் சுற்றுமடலும் இதே வழியில் வந்ததுதான். (மரத்தில் வடித்த பாலில் செய்த ஆணுறை செயற்கை, நாட்காட்டிக் கணக்கு இயற்கை என்று எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் அங்கே பேசப்படுவது பொருளைப் பற்றியல்ல, செயலின் நோக்கத்தைப் பற்றியே என்று உரையாளர் முன்கூட்டியே எச்சரித்துவிட்டார்.)

ஐந்தாம் உரையில் விலங்குகள் வருகின்றன. பறவைகளும் விலங்குகளும் தன்பாலுறவு கொள்வதில்லை என்று பிளேட்டோவின் உரையாடல் ஒன்றிலேயே அவை சாட்சிக்கு அழைக்கப்பட்டுவிட்டன. 1911–12இல் அண்டார்க்டிகாவின் கேப் அடேரில் அடேலி பெங்குவின்களைக் கவனித்த மருத்துவர் லெவிக், ஆண்கள் தம்முள் கூடியதையும் இறந்த பெண் பறவைகளோடு கூட முயன்றதையும் எல்லோரும் படித்துவிடக் கூடாதென்று கிரேக்க எழுத்துகளில் குறித்துவைத்தார். அக்குறிப்புகள் பொதுவெளியில் அச்சேறியது 2012இல்தான்.

இவ்வளவும் சொன்ன உரையாளர் எட்டாம் உரையில் சறுக்குகிறார். இருப்பதிலிருந்து இருக்கவேண்டியதைப் பெற முடியாது என்ற மெய்யியலாளர் டேவிட் ஹியூமின் வாதத்தை நான்காம் உரையில் அழகாகக் கற்பித்தவர், இங்கே விலங்குகளிடையே தன்பாலுறவு உண்டு, ஆகவே அதில் தவறில்லை என்று முடிக்கிறார். எனக்கும் அதில் தவறு தெரியவில்லை. ஆனால் அதற்குப் பெங்குவினின் சான்றிதழ் எதற்கு? அதே சான்றிதழை, குட்டிகளைக் கொல்லும் ஆண்சிங்கமும் நீட்டலாம். எந்த விலங்கும் ஏற்காத துறவு நோன்பைச் சமயங்கள் உயர்ந்த நிலையாகப் போற்றுவதையும் அவர் எங்கும் தொடவில்லை.

இந்திய மரபுக்கு ஒரு உரையின் கடைசிப் பன்னிரண்டு நிமிடங்களே கிடைத்திருக்கின்றன. காமசூத்திரம் ஒரு சாராரை ‘மூன்றாம் பிரகிருதி’ என்று, இயற்கையைக் குறிக்கும் சொல்லாலேயே அழைப்பது தனி உரைக்குரிய செய்தி. ‘எல்லா உயிர்க்கும் இன்பம் என்பது தான் அமர்ந்து வரூஉம் மேவற்று ஆகும்’ என்ற தொல்காப்பிய நூற்பா, இன்பத்தை இனப்பெருக்கத்தோடு கட்டாமல் மனவிருப்பத்தோடு கட்டுகிறது; அதுவும் இதில் இல்லை.

ஒலிப்பதிவு தெளிவாக உள்ளது. மூலமொழி புரிபவர்கள் வசனவரிகளை அணைத்துவிட்டுப் பார்க்கலாம். ‘சுபாவம்’ வரவேண்டிய இடங்களைப் பட்டியலிட்டு நிறுவனத்துக்கு இரண்டு முறை எழுதிவிட்டேன். இதுவரை பதில் இல்லை.