ஆல்டர்னேட்டர்: பழசைச் சரிசெய்வதா, புதுசு போடுவதா?

டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு எரிந்ததும், இன்ஜின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் போய்விட்டது என்று பர்ஸைத் திறக்க வேண்டாம். முதலில் அதைச் சுழற்றும் பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் மல்டிமீட்டரை வையுங்கள். 13.8 முதல் 14.5 வோல்ட் காட்டினால் பொதுவாகச் சார்ஜ் ஆகிறது என்று அர்த்தம். 12.5-க்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் ஆல்டர்னேட்டர் கோளாறுதான் (நம் மெக்கானிக்குகளுக்கு அது இன்னும் டைனமோதான்).

செலவு
பழசு: கார்பன் பிரஷ், ரெகுலேட்டர், பேரிங் மாற்ற, சிறிய காருக்குச் சுமார் 1,500 முதல் 3,500 ரூபாய்.
புதுசு: சுமார் 7,000 ரூபாயிலிருந்து, டீசல் காருக்கு இன்னும் கூடும்.

எத்தனை நாள் உழைக்கும்
பழசு: பிரஷ் தேய்ந்ததுதான் காரணம் என்றால் வருடக்கணக்கில் ஓடும். உள்ளே இருக்கும் செம்புக் கம்பிக் காயில் கருகி, ரீவைண்டிங் (புதுக் கம்பி சுற்றுவது) செய்ததை அப்படி நம்ப முடியாது. என் காரில் எட்டே மாதத்தில் மறுபடி விளக்கு எரிந்தது, அதுவும் மழை இரவில், வைப்பரும் ஹெட்லைட்டும் ஒருசேர மங்கி.
புதுசு: வாரண்டி உண்டு. பில்லைப் பத்திரப்படுத்துங்கள்.

நேரம்
பழசு: அரை நாள்.
புதுசு: பொருள் கைவசம் இருந்தால் இரண்டு மணி நேரம்.

ஊருக்குள் ஓடும் கார், பிரஷ் கோளாறு மட்டும் என்றால் பழசே போதும். காயில் போயிருந்தாலோ, அடிக்கடி நெடுஞ்சாலையில் போனாலோ புதுசு போடுங்கள். பழையதில் செம்பு இருப்பதால் சில கடைகளில் புதுசின் விலையில் கொஞ்சம் கழித்துக்கொள்வார்கள்; கேட்டுப் பாருங்கள்.